ஒரு வாரம் 86, மறு வாரம் 101: எதற்குச் செலவழிப்பது?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கோல்ஃபில் பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து 86 அடித்தேன்; இந்த ஆட்டத்தில் எண் குறைந்தால்தான் நல்லது. அடுத்த சனிக்கிழமை, அதே மைதானம், அதே மட்டைகள், அதே காலை ஆறு மணி, ஸ்கோர் 101. பதினெட்டாவது குழியில் கொடியைத் திரும்ப நட்டுவிட்டு எங்கள் கேடி அண்ணன் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன வாரம் வந்தது உங்கள் தம்பியா சார்?" என்றார். (கேடி என்றதும் காவல் நிலையப் பட்டியல் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. கோல்ஃப் பையைச் சுமந்து, பந்தைத் தேடிக் கொடுத்து, நம் அறியாமையையும் பொறுத்துக்கொள்பவருக்கு இந்த ஆட்டம் வைத்திருக்கும் பெயர் அதுதான்.)

கிளப்பில் தேநீர் மேசைக்கு வந்தால் ஆளுக்கொரு மருந்து தயாராக இருந்தது. புது டிரைவர் (தூரமாக அடிப்பதற்கான பெரிய மட்டை) வாங்கு என்றார் ஒருவர். அவர் தன் பழைய டிரைவரை யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. பயிற்சியாளரிடம் போய் ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் விதத்தை, சரிசெய் என்றார் இன்னொருவர். ஒரு மாதம் பட்டிங் கிரீனிலேயே (குழியைச் சுற்றியுள்ள புல்தரை கிரீன், அதில் பந்தைக் குழிக்குள் தட்டி உருட்டுவது பட்டிங்) குடியிரு என்றார் மூன்றாமவர். வாரம் ஒரு சுற்று போதாது, மூன்று ஆடு என்றவர் பணி ஓய்வு பெற்றவர். அவருக்கு எல்லா நாளும் ஞாயிறு.

என் கையில் இருந்தது ஆறு மாதம், அறுபதாயிரம் ரூபாய், வாரத்துக்கு ஒன்றரை நாள். நான்கையும் செய்ய வழியில்லை. எது எதைச் சரிசெய்கிறது என்று உட்கார்ந்து பார்த்ததன் விளைவே இந்த ஒப்பீடு. 85க்கும் 105க்கும் இடையே ஊசலாடுகிற வார இறுதி ஆட்டக்காரர்களுக்குத்தான் இது பொருந்தும். 75 அடிப்பவர்களின் கவலை வேறு. அவர்களுக்கு என் ஆறுதலும் தேவைப்படாது.

சொல் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'அடி' என்றால் தூரமும் ஆகும், அடிப்பதும் ஆகும். ஐந்து அடி பட்டிங் என்றால் ஐந்து முறை அடித்ததாக என் மனைவி நினைக்கிறார், பல நாட்களில் அது உண்மையும்கூட. அதனால் இங்கே தூரத்துக்கு அடி, எண்ணிக்கைக்கு ஷாட்.

பகடை எவ்வளவு, பழுது எவ்வளவு

அந்தப் பருவத்தில் ஆடிய பத்துச் சுற்றுகளின் கார்டுகளை மேசையில் பரப்பினேன்: 87, 98, 90, 94, 86, 101, 91, 89, 97, 93. சராசரி 92.6. குழிக்கு ஐந்து ஷாட்டுக்குச் சற்று மேல். சில குழிகளில் நான்கு, சிலவற்றில் ஆறு, எப்போதாவது எட்டு. ஒரு குழியில் என் ஸ்கோர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு ஷாட் வருகிறது.

இதைப் பதினெட்டுக் குழிகளுக்கு நீட்டுங்கள். ஒவ்வொரு குழியும் தன்போக்கில் ஏறி இறங்குவதாக வைத்துக்கொண்டால், மொத்த ஸ்கோரின் விலகல் 18இன் வர்க்கமூலம், அதாவது 4.2 ஷாட். உடம்பில் கோளாறு இல்லை, ஸ்விங் மாறவில்லை, காற்றும் மழையும் ஒரே மாதிரி என்றாலும் மூன்றில் இரண்டு சுற்றுகள்தான் 88க்கும் 97க்கும் இடையே விழும். மூன்றில் ஒன்று அந்த வேலியையும் தாண்டும். என் பத்துக் கார்டுகளின் உண்மையான விலகல் 4.9. நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி வெறும் பகடை! 86 அடித்த வாரம் ஏதோ ரகசியம் பிடிபட்டுவிட்டதாக வீட்டில் இரவு முழுக்க விளக்கியிருந்தேன். அதையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 2010இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓபன் போட்டியில் ரோரி மெக்கல்ராய் முதல் நாள் 63 அடித்தார். மறுநாள் பெருங்காற்றில் 80. பிறகு 69, 68 அடித்து மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1977இல் மெம்ஃபிஸில் ஆல் கைபர்கர் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரின் முதல் 59ஐ அடித்தார். அந்த வாரம் அவர் அடித்த நான்கு சுற்றுகள் 72, 59, 72, 70. உலகமே வியந்த சுற்றுக்கு முந்தைய நாளும் 72, பிந்தைய நாளும் 72. ஒரே மனிதர்.

இன்னொரு பொய்யும் கார்டில் ஒளிந்திருக்கிறது. வேறு வேறு மைதானங்களில் அடித்ததை அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுவது. 2020 முதல் நடப்பில் இருக்கும் உலக ஹேண்டிகேப் முறை (ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறனைச் சொல்லும் எண், அதுவும் குறைந்தால்தான் நல்லது) இதைத் திருத்தத்தான் மைதானத்தின் கடினத்தைக் காட்டும் கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்று இரண்டு எண்களை வைத்திருக்கிறது. ஸ்கோரிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். ரேட்டிங் 69.5, ஸ்லோப் 118 உள்ள எளிய மைதானத்தில் 90 அடித்தால் 19.6 வரும். ரேட்டிங் 72.5, ஸ்லோப் 132 உள்ள கடின மைதானத்தில் 95 அடித்தால் 19.3. அங்கே அடித்த 95தான் நல்ல ஆட்டம். ஊட்டிக்குப் போய் ஆடிவிட்டு வந்து குழம்புகிறவர்களை எனக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே மெல்லிய காற்றில் பந்து சென்னையைவிட எட்டு சதவீத அளவுக்குக் கூடுதலாகப் பறக்கும். ஏழாம் நம்பர் மட்டையால் அடித்தால் 140 யார்டு போகும் பந்து 150ஐத் தாண்டி, கிரீனுக்குப் பின்னால் உள்ள முட்புதரில் போய்ப் படுத்துக்கொள்ளும். சரியாகத்தான் அடித்தீர்கள். மலைதான் கணக்கை மாற்றிவிட்டது.

இவ்வளவையும் கழித்த பிறகு மிச்சம் நிற்பதுதான் பழுது. அதற்குத்தான் காசு செலவழிக்க வேண்டும்.

எட்டு ஷாட் எங்கே போயிற்று

பத்துக் கார்டுகளில் நல்ல ஐந்தின் சராசரி 88.6. மோசமான ஐந்தின் சராசரி 96.6. வித்தியாசம் துல்லியமாக எட்டு. கார்டின் ஓரத்தில் பட்டிங் எண்ணிக்கையும் பெனால்டியும் குறிக்கும் வழக்கம் எனக்கு முன்பே உண்டு, கூட்டிப் பார்க்கும் வழக்கம்தான் இல்லை. கூட்டினேன். பட்டிங் நல்ல நாளில் 33, கெட்ட நாளில் 35. அங்கே இரண்டு ஷாட். எல்லைக்கு வெளியே போனதும் தொலைந்ததுமான பந்துகள் நல்ல நாளில் ஒன்று, கெட்ட நாளில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் அடித்த ஷாட்டும் வீண், அதன்மேல் ஒரு தண்டமும், ஆக இரண்டு. அங்கே நான்கு ஷாட். மீதி இரண்டு பங்கர் எனும் மணல்குழியிலிருந்து ஒரே முயற்சியில் வெளியே வராததிலும், கிரீனருகே பந்தின் தலையில் தட்டியதிலும் போயிருந்தன.

பார் (ஒரு குழிக்கென விதித்த ஷாட் எண்ணிக்கையில் முடிப்பது) எத்தனை என்று பார்த்தபோதுதான் திகைத்தேன். நல்ல நாளில் நான்கு, கெட்ட நாளில் மூன்று. நான் நல்ல நாளில் அற்புதமாக ஆடுவதில்லை. கெட்ட நாளில் மூன்று நான்கு குழிகளில் வீடு இடிந்து விழுகிறது, அவ்வளவே.

இங்கேதான் தேநீர் மேசை மருத்துவர்கள் எல்லோரும் குழப்பிக்கொண்ட இடம் பிடிபட்டது. சராசரியைக் குறைப்பது ஒரு வேலை, ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது வேறொரு வேலை. ஒன்றுக்கான மருந்து மற்றதைக் குணப்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சில சமயம் கூட்டவும் செய்யும். ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கேள்விகளோடுதான் பார்க்க வேண்டும்.

புது டிரைவர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்று ஒரு நல்ல டிரைவர் அரை லட்சம் ரூபாயைத் தொடுகிறது. என் பணம் முழுக்க அதிலேயே போய்விடும். விளம்பரம் ஆண்டுதோறும் பத்து யார்டு கூட்டித் தருவதாகச் சொல்கிறது. அந்தக் கணக்கு நிஜமானால் இந்நேரம் தாம்பரத்திலிருந்து அடித்த பந்து செங்கல்பட்டில் விழ வேண்டும். டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன செண்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பந்தில் படும் முகத்தின் துள்ளலுக்கு வரம்பு, மையம் தவறிப் பட்டால் தலை முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும் திறனுக்கும் வரம்பு. விதிகள் இவற்றை 2000களிலேயே கட்டிப்போட்டுவிட்டன. பெரிய நிறுவனங்கள் அந்த வரம்புகளை எட்டியும் பல ஆண்டுகள் ஆகின்றன. ஐந்தாறு ஆண்டுப் பழைய டிரைவர் வைத்திருப்பவருக்குப் புதியது தரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும், கார்டில் தெரியாது.

ஒரே விதிவிலக்கு. மாமா கொடுத்தார், மேலதிகாரி விட்டுச் சென்றார் என்று வாரிசு மட்டைகளோடு ஆடுபவர்கள் நம்மிடையே நிறைய. தண்டு உங்களுக்கு மிக விறைப்பாகவோ, நீளம் பொருந்தாமலோ இருந்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் உடம்பு ஏதோ ஓர் ஈடுகட்டலைச் செய்துகொண்டே இருக்கும். அந்த ஈடுகட்டல் ஒரு நாள் பலிக்கும், மறுநாள் பலிக்காது. அவர்கள் அளவெடுத்துப் பார்ப்பது நல்லது. அதற்கும் புது மட்டை வேண்டியதில்லை. உள்ளதன் தண்டை மாற்றினாலே போதுமான சந்தர்ப்பங்கள் உண்டு.

பயிற்சியாளர்

சராசரியைக் குறைக்க இதைவிட நேரான வழி இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான ஷாட்டுகளை அளந்து கண்டது, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமார் ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு நூறு யார்டுக்கு வெளியே அடிக்கும் ஷாட்டுகளில் இருக்கிறது என்பது. நூறு யார்டுக்கு வெளியே என்றால் ஸ்விங். ஸ்விங் என்றால் பயிற்சியாளர்.

ஆனால் அந்த மருந்து குணமாக்குவதற்கு முன் காய்ச்சலைக் கூட்டும். நிக் ஃபால்டோ 1985இல், ஏற்கெனவே வெற்றி பெற்ற ஆட்டக்காரராக இருந்தும், பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய்த் தன் ஸ்விங்கைப் பிரித்து மறுபடி கட்டினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வெற்றிகள் வறண்டன. பிறகு 1987 ஜூலையில் மியூர்ஃபீல்டில், ஓபன் போட்டியின் கடைசிச் சுற்றில், பதினெட்டுக் குழிகளிலும் பதினெட்டு பார் எடுத்து ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வென்றார். பர்டி, அதாவது பாருக்கு ஒன்று குறைவு, ஒன்றுகூடக் கிடையாது. நிலையான ஆட்டம் என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த படம் எனக்குத் தெரியாது. அந்தச் சுற்றை அவர் அந்த இரண்டு வறண்ட ஆண்டுகளைக் கொடுத்து வாங்கினார்.

அவருக்கு அது முழுநேர வேலை. சனிக்கிழமை மட்டும் ஆடுகிற நமக்கு அதே மாற்றம் எத்தனை காலம் பிடிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்விங் பாதி, புதிய ஸ்விங் பாதி என்று இருக்கும் மாதங்களில் ஸ்கோர் மேலும் குதிக்கும். ஏற்ற இறக்கம் தாங்கவில்லை என்று பயிற்சியாளரிடம் போகிறவர்கள் மூன்றாவது லெசனிலேயே நின்றுவிடுவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் கிளப்பில் அப்படிப் பாதியில் நின்ற ஸ்விங்குகள் ஏராளம். ஒன்று என்னுடையது.

போவதென்றால், முழு ஸ்விங்கையும் ஒப்படைக்காமல், "பந்து வலப்பக்கம் எல்லைக்கு வெளியே போகிறது, அதை மட்டும் நிறுத்த வேண்டும்" என்று ஒரே ஒரு புகாரோடு போகலாம். மருத்துவரிடமும் நாம் அப்படித்தானே போகிறோம்.

பட்டிங்

மூன்றாமவரின் வாதம் கவர்ச்சியானது. மொத்த ஷாட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டிங்தான், அதைக் குறைத்தால் போதாதா என்பது. எண்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. அமெரிக்கத் தொடரின் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடி தூரத்திலிருந்து பாதி முறைதான் குழியில் போடுகிறார்கள். 90 அடிக்கிறவர் பாதி முறை போடும் தூரம் ஐந்து அடி. இடையே உள்ள மூன்று அடியைக் கடக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஓரிரண்டு ஷாட்.

ஆனாலும் பிராடியின் கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. சிறந்த ஆட்டக்காரர்கள் ஆண்டு முழுக்கப் பெறும் அனுகூலத்தில் பட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம்தான். அதே ஆட்டக்காரர் ஒரு போட்டியை வெல்லும் வாரத்தில் மட்டும் பார்த்தால் பங்கு 35 சதவீதமாக உயர்ந்துவிடுகிறது. பட்டிங் ஒருவரின் தரத்தைச் சொல்வதைவிட அந்த வாரத்தின் அதிர்ஷ்டத்தைச் சொல்கிறது. நல்ல நாளில் விழும், கெட்ட நாளில் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வரும். அதைப் பயிற்சியால் ஒழிக்க முடியாது, மழையை ஒழிக்க முடியாதது போல.

ஒழிக்க முடிந்தது ஒன்றுண்டு. முப்பது அடியிலிருந்து மூன்று முறை தட்டுவது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே 33 அடியில் சராசரி இரண்டு. அந்தத் தூரத்திலிருந்து குழியில் போட முயலாமல், பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை மட்டும் சுற்றுக்கு முன் பத்து நிமிடம் பழகினேன். காசும் இல்லை, பெரிய உழைப்பும் இல்லை. மாதம் முழுக்கக் குடியிருக்கத் தேவையில்லை.

அதிகம் ஆடுவது

நேரம் உள்ளவர்களுக்கு நல்லதுதான். சுற்றுக்கும் சுற்றுக்கும் பதினைந்து நாள் இடைவெளி விட்டால் கை மறந்துவிடும், அதில் சந்தேகமில்லை. டிரைவிங் ரேஞ்ச் எனும் பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்தை அடித்துத் தீர்ப்பது மட்டும் இதற்கு ஈடாகாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியவர்களைவிட, வேலைகளை மாற்றி மாற்றிக் கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது தடுமாறினாலும் பிறகு நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று 1979இல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனை காட்டியது. ரேஞ்சில் ஐம்பது டிரைவர் வரிசையாக அடிக்கும்போது நாற்பதாவது பந்து அழகாகப் பறக்கும். மைதானத்தில் டிரைவரைக் கையில் எடுப்பது கால் மணி நேரத்துக்கு ஒருமுறை. அங்கே நாற்பதாவது பந்து என்று ஒன்று கிடையாது, எல்லாமே முதல் பந்து. ரேஞ்சுக்குப் போனால் டிரைவர், எட்டாம் நம்பர், வெட்ஜ் என்று மனத்தில் ஒரு குழியை ஆடிப் பழகுங்கள். அசிங்கமாக இருக்கும், பக்கத்துக்காரர் பார்ப்பார், பரவாயில்லை.

கேடி அண்ணன் சொன்னது

தேநீர் மேசையில் அவர் உட்காருவதில்லை, அதனால் அவர் மருந்தை யாரும் கேட்கவில்லை. இந்தியன் ஓபனை 1991இல் வென்று, அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர் டெல்லியில் கேடியாகத் தொடங்கியவர். மைதானத்தை யார் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். எங்கள் அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இந்த மைதானத்தில் முப்பது ஆண்டுகளாக நடக்கிறார். என் கார்டுகளைக் காட்டி, எதை மாற்ற வேண்டும் அண்ணே என்று கேட்டேன்.

"ஏழாவது குழியில் நான் கொடுக்கிற மட்டையை வாங்கிக்கொள்ளுங்கள் சார்" என்றார்.

எங்கள் ஏழாவது குழியில் வலப்புறம் நெடுக மதில். அவர் ஒவ்வொரு வாரமும் டிரைவரைவிடத் தூரம் குறைந்த ஐந்தாம் நம்பர் வுட் மட்டையை நீட்டுவார். நான் ஒவ்வொரு வாரமும் அதைத் தள்ளிவிட்டு டிரைவரை உருவுவேன். கார்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பத்துச் சுற்றுகளில் தொலைத்த இருபது பந்துகளில் பதின்மூன்று மூன்றே குழிகளில் போயிருந்தன. ஏழாவதில் மட்டும் ஆறு. ஒன்றுக்கு இரண்டு ஷாட் என்றால் சுற்றுக்குச் சராசரி 1.2 ஷாட்டை அந்த மதிலுக்கு அப்பால் வீசிக்கொண்டிருந்தேன், பந்தின் விலை தனி. வெளியே போன பந்துக்குத் திரும்ப நடக்காமல், இரண்டு ஷாட் தண்டத்தோடு ஃபேர்வே எனும் வெட்டிய புல்வெளியின் ஓரத்தில் போட்டு ஆடலாம் என்ற உள்ளூர் விதிக்கு 2019 முதல் இடம் உண்டு. எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதில் நேரம் மிஞ்சும், ஷாட் மிஞ்சாது.

டிரைவரை விட்டால் இழப்பு என்ன? என் டிரைவர் 210 யார்டு, ஐந்தாம் வுட் 180. முப்பது யார்டு பின்தங்கினால் அடுத்த ஷாட்டுக்கு ஏழாம் ஐயர்னுக்குப் பதில் நான்காம் ஹைபிரிட் மட்டையை எடுக்க வேண்டும். கிரீனில் விழும் வாய்ப்பு குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழாம் ஐயர்னில் மட்டும் நான் என்ன வில்வித்தையா காட்டிக்கொண்டிருந்தேன்? அங்கே பார் போய் போகி (பாருக்கு ஒன்று கூடுதல்) வரும் நாட்கள் கூடும், எட்டு வரும் நாட்கள் நின்றுபோகும்.

இதோடு இன்னும் இரண்டு. மரங்களுக்குள் போன பந்தைக் கிளைகளின் சந்து வழியே கிரீனுக்கு அனுப்பும் சாகசத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் தட்டி வெளியே வருவது. கொடி எங்கே நட்டிருந்தாலும் கிரீனின் நடுவைக் குறிவைப்பது. மூன்றும் சேர்ந்து ஸ்விங்கில் ஒரு மயிரிழையையும் மாற்றவில்லை. செலவு சுழியம். கௌரவத்துக்குத்தான் கொஞ்சம் செலவு. எட்டாம் நம்பரை எடுத்துப் பின்பக்கமாகத் தட்டும்போது கூட ஆடுகிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

நான்கு மாதம் இப்படி ஆடினேன். பத்துச் சுற்றுகள்: 92, 88, 96, 91, 87, 95, 90, 94, 89, 93. விலகல் 4.9இலிருந்து 3.0ஆக இறங்கியது. (பத்துச் சுற்று சிறிய மாதிரி. இதிலும் பகடைக்குப் பங்கு உண்டு.) 97ஐத் தொடவே இல்லை. சராசரி 92.6இலிருந்து 91.5. ஒரு ஷாட்தான் குறைந்தது.

நிலையாக ஆடினால் நஷ்டமும் உண்டு

வேடிக்கை என்னவென்றால், இந்த நான்கு மாதத்தில் என் ஹேண்டிகேப் 16.8இலிருந்து 17.2ஆக ஏறிவிட்டது. கணக்கில் தவறில்லை. ஹேண்டிகேப் கடைசி இருபது சுற்றுகளில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. என் மோசமான சுற்றுகள் நல்லவையாயின, அவற்றை அது பார்ப்பதே இல்லை. என் மிகச் சிறந்த சுற்றுகள் சற்று மங்கின, அவற்றை மட்டும் அது பார்க்கிறது. 101 அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டவன் 86 அடிக்கவும் மறந்துவிட்டேன்.

ஆகவே, எந்த வழி நல்லது என்பதற்கு முன் நீங்கள் யாரோடு ஆடுகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே ஹேண்டிகேப் உள்ள இருவரில் ஒருவர் நிலையானவர், மற்றவர் ஏறி இறங்குபவர் என்றால், இருவரும் நேருக்கு நேர் மோதும்போது நிலையானவர் அதிகம் வெல்வார். மற்றவரின் சராசரி அவர் ஹேண்டிகேப்பைவிட வெகுதூரம் மோசம். ஆனால் எண்பது பேர் ஆடும் மாதாந்தரப் போட்டியில் கோப்பை யாருக்கு? அன்றைக்குப் பித்துப்பிடித்து ஆடியவருக்கு. நிலையானவர் பதினான்காம் இடத்தில் கைதட்டிக்கொண்டிருப்பார். வாரந்தோறும் அதே மூன்று நண்பர்களோடு காபிச் செலவுக்குப் பந்தயம் வைப்பவர் கேடி அண்ணனின் வழியில் போகலாம். ஆண்டுக்கு ஒரு கோப்பையாவது அலமாரியில் வேண்டும் என்பவர் ஏழாவது குழியில் டிரைவரை உருவிக்கொண்டே இருக்கலாம், அதில் நியாயம் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி. காலையில் நாலு மணி நேரம் புல்லில் நடந்தோம், அது போதும் என்று சொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். 88ம் 108ம் அவர் முகத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அவரைப் பார்த்து எனக்குப் பொறாமை.

நான் காபிப் பந்தயக்காரன், அதனால் என் தேர்வு சரிதான். அறுபதாயிரத்தில் ஒரு ரூபாயும் செலவாகவில்லை. அதை இப்போது சராசரியின் பக்கம் திருப்பப் போகிறேன், பயிற்சியாளரிடம், ஒரே புகாரோடு. ஐப்பசியில் தொடங்குவதாக ஏற்பாடு. வடகிழக்குப் பருவமழையில் மைதானம் பாதி நாள் மூடியிருக்கும், ஃபேர்வேயில் பந்து உருளாது, யாரும் யார் ஸ்கோரையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்விங் குட்டிச்சுவராகும் மாதங்களை அங்கே ஒளித்துவைத்துவிடலாம்.

கேடி அண்ணனிடம் திட்டத்தைச் சொன்னேன். சற்று யோசித்தார். "தை மாதம் யார் வருவார் சார், நீங்களா, தம்பியா?" என்று கேட்டுவிட்டு, ஏழாவது குழியின் தொடக்கத்தில் ஐந்தாம் நம்பர் வுட்டை நீட்டினார்.